பிளாட்டினம் உட்கார்ந்த இடம்

கேள்வி கேட்டவருக்கு ஐம்பத்தொரு வயது. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்தொன்பது.

கேட்டவர் பெயர் இன்னாசிமுத்து. தூத்துக்குடிக்காரர். ஒரு பெரிய ரசாயன ஆலையில் வினையூக்கிப் பிரிவை இருபது வருஷத்துக்கு மேல் கவனித்துக்கொண்டவர். ரசாயன வினையை வேகப்படுத்தும் வினையூக்கி கப்பலில் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும்; அதை உலையில் நிரப்ப வேண்டும். அது வேலை செய்யும் சக்தியை இழந்து செத்ததும் அள்ளிக் கொட்ட வேண்டும். பிறகு அடுத்த பீப்பாயை உடைக்க வேண்டும். அதுதான் உத்தியோகம்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்து மனைவி பெர்னதெத்திடம் கேட்டார்: "இத்தன வருஷமா அடுத்தவன் சமச்சதத்தான் பரிமாறிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது நான் அடுப்பு மூட்ட வேண்டாமா?"

"மூட்டுங்க. ஆனா இந்த வயசுல படிக்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாதீங்க" என்றாள் பெர்னதெத்து.

அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது அந்த ஆய்வு மையம். வினையூக்கி ஆய்வகத்தின் தலைவர் நப்பின்னை. சின்ன உருவம். குரல் உயராது. மாணவர்கள் ஏதாவது கேட்டால் அவரிடமிருந்து பதில் வருவது அபூர்வம். ஒரு வேலை வரும்.

இன்னாசிமுத்து முதல் நாளே கேட்டுவிட்டார்.

"மேடம், தாங்கி மேல உலோகத்த ஏத்துறதுக்கு எத்தனையோ வழி சொல்லுதாங்க. ஊறப் போடுறது, படிய வைக்கிறது, ரெண்டையும் சேத்தே திரள வைக்கிறது. இதுல எது சிறந்த வழி?"

கேட்டது நியாயமான கேள்விதான். பிளாட்டினம் போன்ற உலோகத்தைக் கட்டியாக வைத்தால் மேலே இருக்கும் அணுக்கள் மட்டும்தான் வேலை செய்யும். உள்ளே இருப்பதெல்லாம் வீண். அதனால் துளைகள் நிறைந்த அலுமினாவிலோ சிலிக்காவிலோ அதை மிக நுண்ணிய துகள்களாக உட்கார வைப்பார்கள். உலோகத்தைச் சுமக்கும் அந்த வெள்ளைப் பொருளுக்குத் தாங்கி என்று பெயர். உட்கார வைப்பதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது.

நப்பின்னை இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்து வைத்தார். ஒன்றில் அலுமினாத் தூள். இன்னொன்றில் சிலிக்காத் தூள். இரண்டும் வெள்ளை. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கரைசல்.

"இது பிளாட்டினக் கரைசல். அமிலம் கலந்தது. ரெண்டுலயும் ஊத்திக் கலக்குங்க சார். அப்புறம் வடிகட்டுங்க."

"என்னய சார்னு கூப்பிடாதீங்க மேடம். இங்க நான் மாணவன்."

"சரி சார்."

ஊற்றினார். கலக்கினார். வடிகட்டினார். அலுமினா மஞ்சளாகிவிட்டது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் தெளிந்து இறங்கியது. சிலிக்கா வெள்ளையாகவே கிடந்தது. பிளாட்டினம் அத்தனையும் தண்ணீரோடு போய்விட்டது.

"அப்ப அலுமினாதான் நல்ல தாங்கி" என்றார் இன்னாசிமுத்து. "சிலிக்கா ஆகாது."

நப்பின்னை இன்னொரு கரைசலைக் கொடுத்தார். கருநீலம். அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. "இது செம்பு. புதுத் தூள் எடுத்து இதையும் ஊத்துங்க."

இந்த முறை சிலிக்கா நீலத்தை ஆவலோடு குடித்தது. அலுமினா பேருக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

இன்னாசிமுத்து இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விஷயம் பிடிபடாமல் இல்லை. அமிலத்தில் அலுமினாவின் மேனியில் நேர்மின்னூட்டம் ஏறும். எதிர்மின்னூட்டத்தோடு வரும் பிளாட்டினத்தை அது இழுத்துக்கொள்ளும். அம்மோனியாவின் காரத்தில் சிலிக்காவின் மேனியில் எதிர்மின்னூட்டம் ஏறும். நேர்மின்னூட்டத்தோடு வரும் செம்பை அது பிடித்துக்கொள்ளும். புத்தகத்தில் படித்ததுதான். கையில் இப்போதுதான் வந்தது.

"எது சிறந்த வழின்னு கேட்டேன் மேடம்."

"ஆமா. யாரைக் கேட்டீங்க?"

"உங்களத்தான்."

"நீங்க தூளைக் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு நப்பின்னை குவளைகளைக் கழுவப் போனார்.

சில மாதங்கள் போயின. இன்னாசிமுத்துவுக்குக் கை நன்றாக ஓடியது. ஆலையில் டன் கணக்கில் புழங்கியவர், இங்கே ஒரு துளிக்கு மூச்சைப் பிடித்தார். அந்தச் சமயத்தில்தான் தங்கநேசம் வந்தார்.

தங்கநேசம் குலசேகரம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸை நடத்தும் பெண்கள் சங்கத்தின் தலைவி. முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் ஆலையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். முதலாளி விட்டுவிட்டுப் போன ஆலையை அங்கே வேலை செய்த பெண்களே சேர்ந்து எடுத்து நடத்தினார்கள். அவர் மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தார். முந்திரித் தோட்டின், அதாவது ஓட்டின், எண்ணெய் பட்டு விரல் நுனிகள் எல்லாம் கறுத்திருந்தன.

"கை போனா போட்டும் சாரே. அது எங்களுக்குப் பழக்கம். புகைதான் பிரச்சினை. தோடு வறுபடும்போது வருற புகை கண்ணத் தின்னுது. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஜன்னல் தெறக்க முடியல்ல. அதிகாரிகள் வந்து, புகைய நிறுத்து, இல்லண்ணா ஆபீஸ மூடுண்ணு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வெளிநாட்டுல இருந்து என்னமோ ஒரு மருந்து வாங்கிக் குழாய்க்குள்ள வச்சோம். கொஞ்ச நாள் நல்லா இருந்துது. பொறவு செத்துப் போச்சு."

"மருந்து இல்ல. வினையூக்கி" என்றார் இன்னாசிமுத்து.

"எதுவோ. அது உங்களுக்கு உண்டாக்கத் தெரியுமா?"

இன்னாசிமுத்து நப்பின்னையைத் திரும்பிப் பார்த்தார். நப்பின்னை ஜன்னல் வழியாகக் காற்றாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார் இன்னாசிமுத்து. வாழ்க்கையில் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தானே அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார்?

பட்டாணி அளவுள்ள அலுமினா உருண்டைகளை எடுத்துக்கொண்டார். அமிலம் கலந்த பிளாட்டினக் கரைசலில் ஊறப் போட்டார். சூட்டடுப்பில் காய வைத்தார். உலையில் சுட்டார். பிளாட்டினம் உலோகமாக மாற ஹைட்ரஜன் வாயுவை மேலே ஓட விட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளை உருண்டைகள் மெல்ல மெல்லக் கறுத்தன. கடைசியில் கரிச்சான் குருவியின் முதுகு மாதிரி ஒரு மினுக்கம் வந்தது. சோதித்துப் பார்த்தால், புகையை எரிக்கும் வேகத்தில் வெளிநாட்டுச் சரக்கையே அது மிஞ்சியது.

ஒரு சீசாவில் போட்டு நப்பின்னையின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றார்.

நப்பின்னை ஓர் உருண்டையை எடுத்துச் சவர பிளேடால் இரண்டாக வெட்டினார். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்பு வளையம். உள்ளே முழுக்க வெள்ளை. சிறிது நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. கொண்டு போங்க" என்றார்.

கொண்டு போனார். புகைக்குழாய்க்குள் கம்பி வலைத் தட்டுகளில் உருண்டைகளைப் பரப்பினார். அடுப்பு மூட்டியதும் வழக்கம்போலக் கறும்புகை எழுந்தது. தட்டுகள் சூடேறியதும் அது வெளுத்தது, மெலிந்தது, காணாமல் போனது. குழாயின் வாய்க்கு மேலே வெறும் வானம் தெரிந்தது. உடைப்புப் பலகையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் முற்றத்துக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தங்கநேசம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சுக்குக் காப்பி வந்தது, ஏத்தன் வாழைப்பழம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது இன்னாசிமுத்து பெர்னதெத்துக்குப் போன் போட்டார். "அடுப்பு மூட்டியாச்சுடீ" என்றார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

ஒரு மாதம் முடியவில்லை. தங்கநேசம் கூப்பிட்டார்.

அவர் போய் இறங்கியபோது தூரத்திலேயே புகை தெரிந்தது. முற்றத்தில் நின்றார். கண் எரிந்து நீர் வழிந்தது. யாரும் அவரைக் கோபிக்கவில்லை. ஒரு பெண் முகம் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சாரே, வருத்தப்படாதீங்க" என்றார் தங்கநேசம். "வெளிநாட்டுக்காரன் கொண்டு வந்ததும் இப்பிடித்தான செத்துது? நீங்க என்ன செய்வீங்க?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த ஆறுதல் அவரைச் சுட்டது. செத்துப்போன உருண்டைகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு நேரே ஆய்வகத்துக்கு வந்தார். கதவைத் தட்டக்கூட இல்லை.

"மேடம், அன்னைக்கு வெட்டிப் பாத்தீங்கள்ல? பிளாட்டினம் எல்லாம் ஓரத்துலயே ஒட்டிக் கெடந்தத பாத்தீங்கள்ல?"

"பார்த்தேன்."

"சாகும்னு தெரிஞ்சும் ஏன் அனுப்புனீங்க? அத்தன பேரு முன்னால நான் நின்னேன் மேடம்."

"சாகும்னு எனக்குத் தெரியாது."

இன்னாசிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு உருண்டையைத் தெரியும்" என்றார் நப்பின்னை. "அந்தப் புகையைத் தெரியாது. நான் அதுல நின்னதில்ல. நீங்க நின்னுட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க. எங்க செத்துச்சுன்னு சொல்லுங்க."

பிளேடை அவர் பக்கம் தள்ளினார்.

இன்னாசிமுத்து உட்கார்ந்தார். பிளேடை வேகமாக அழுத்தினார். முதல் உருண்டை நொறுங்கிப் போனது. இரண்டாவது நேராகப் பிளந்தது. ஓரத்தில் பிசினும் சாம்பலும் கலந்து ஒரு பழுப்புப் பொருக்கு ஏறியிருந்தது. பிளாட்டினம் இருந்த கறுப்பு வளையத்தை அது முழுசாக மூடிவிட்டது. ஆனால் அதற்கு உள்ளே ஒரு பொட்டு அழுக்கு இல்லை. முதல் நாள் பார்த்த அதே வெள்ளை.

இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் அப்படியே. இன்னொன்று. அதுவும்.

"அழுக்கு வாசலத் தாண்டல மேடம்" என்றார். கோபம் குரலிலிருந்து இறங்கியிருந்தது. "பிசினு கனம். வெளித்தோல்லயே நின்னுருது. வாயு மட்டும் உள்ள போகுது. உள்ள இடம் சுத்தமா இருக்கு. ஆனா அங்க வேலைக்கு ஆள் இல்ல. ஆளு பூரா வாசல்லயே நின்னு அடிபட்டுச் செத்திருக்காங்க."

"சரி."

"பிளாட்டினத்த உள்ள தள்ளணும். ஆனா அலுமினாவப் பாத்ததும் அது முதல் வாசல்லயே பாஞ்சு ஒட்டிக்கிடுதே. எப்பிடித் தள்ளுறது?"

மறுநாள் காலையில் நப்பின்னை அவரைக் கூப்பிட்டார். "நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு வரலாமா?"

"உங்க கார்லயா மேடம்?"

"பஸ்ல."

ஆரல்வாய்மொழி நிறுத்தத்தில் ஏறினார்கள். பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. படிக்குப் பக்கத்திலேயே வசதியாக ஓர் இருக்கை காலியாக இருக்க, இன்னாசிமுத்து அதில் உட்காரப் போனார். அதற்குள் பூக்கூடைகளோடு ஒரு கூட்டம் தபதபவென்று ஏறியது. எல்லாரும் தோவாளைப் பூச்சந்தைக்குப் போகிறவர்கள். கூடைகளை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, வாசலோர இருக்கைகளிலும் கம்பிகளைச் சுற்றியும் நிறைந்துகொண்டார்கள். அசைக்க முடியாது.

நடத்துநர் விசிலை எடுத்துவிட்டுக் கத்தினார். "நாகர்கோவில் ஆளெல்லாம் உள்ள போங்க! உள்ள போங்கய்யா, உள்ள காலியாத்தான கெடக்கு! வாசலப் பூக்காரங்களுக்கு விடுங்க!"

வேறு வழியில்லாமல் இருவரும் உள்ளே தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். அவர்களோடு ஏறிய மற்றவர்களும் உள்ளே வந்தார்கள். பஸ் முழுக்க மல்லிகை மணத்தது. கொஞ்ச தூரத்தில் தோவாளை வந்தது. பூக்கூட்டம் ஏறிய வேகத்திலேயே இறங்கிப் போனது. வாசல் வெறிச்சென்று ஆனது. கணவாய்க் காற்று தடையில்லாமல் உள்ளே வீசி, உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் அடித்தது.

இன்னாசிமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"மேடம்! பிளாட்டினத்துக்குப் போட்டியா ஒரு ஆளு வேணும். அதவிட வேகமா ஏறி வாசலப் பிடிச்சுக்கிடணும். அப்ப பிளாட்டினம் உள்ள போயே ஆகணும். எல்லாம் உக்காந்த பொறவு, அந்த ஆளு எறங்கிப் போயிரணும். தடம்கூட இருக்கக் கூடாது."

"நாகர்கோவில்ல ஒரு கடையில காப்பி நல்லா இருக்கும்" என்றார் நப்பின்னை.

வாசலைப் பிடிக்க ஆள் தேடினார் இன்னாசிமுத்து. வினிகரின் அமிலத்தைப் பிளாட்டினத்தோடு கலந்து பார்த்தார். அது நோஞ்சான். பிளாட்டினம் அதைத் தள்ளிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தது. வேறு சிலவற்றைப் பார்த்தார். கடைசியில், கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கிறதே, அந்த சிட்ரிக் அமிலத்துக்கு வந்தார். அது அலுமினாவை முரட்டுத்தனமாகப் பிடித்துக்கொண்டது. உலையில் சுட்டால் எரிந்து காற்றோடு போய்விடும். பூக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள்.

ஆனால் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அமிலம் கூடிப்போனதில் பிளாட்டினம் நடுமையத்துக்கு ஓடி, முட்டைக்குள் மஞ்சள் கரு மாதிரி ஒடுங்கிக்கொண்டது. அவ்வளவு ஆழத்துக்கு வாயு போய்ச் சேருவதற்குள் பஸ்ஸே போய்விடும். சோதனையில் அந்த வினையூக்கி கண்ணைத் திறக்கவே இல்லை. அமிலத்தைக் குறைத்தார். இந்த முறை ஊறும்போது பிளாட்டினம் சரியான ஆழத்தில் நின்றது. காய வைத்த பிறகு பார்த்தால் பாதி மறுபடியும் ஓரத்துக்கு வந்துவிட்டது.

அன்று அவர் உருண்டைகளைத் தரையில் கொட்டிவிட்டார். அவை அறை முழுக்க ஓடின. நப்பின்னை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இன்னாசிமுத்துவும் வெட்கத்தோடு குனிந்தார்.

"வேர்த்து நனைஞ்ச சட்டையை வெயில்ல போட்டா என்ன ஆகும் சார்?" என்று பொறுக்கியபடியே கேட்டார் நப்பின்னை.

"மேல உப்பு பூக்கும்."

"உப்பு முன்னாடி எங்க இருந்துச்சு?"

இன்னாசிமுத்துவின் கை நின்றது. சூட்டடுப்பில் அவசரமாகக் காய வைத்தபோது, வெளியே ஓடிய தண்ணீர் பிளாட்டினத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"அப்ப எவ்வளவு நேரம் காய வைக்கணும்?"

"அது காயற வரைக்கும்."

இருபது வருஷமாக ஆலையின் சங்குக்கு ஓடிய மனிதர் நிழலில் உருண்டைகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். சூட்டை ஓர் இழை ஏற்றுவார், போய் உட்காருவார், வந்து பார்ப்பார். மற்ற மாணவர்கள், "சார் அடை காக்குறாரு" என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடை காக்கிற பெட்டைக்கோழியை யாரும் கேலி செய்து எழுப்பிவிட முடியுமா?

சுட்டு, ஹைட்ரஜன் ஓட்டி, ஆற விட்டு, ஓர் உருண்டையைப் பிளந்தார். வெளியே மெல்லிய வெள்ளைத் தோல். அதற்குக் கீழே, வாயு எட்டும் தூரத்தில், அழுக்கு எட்டாத ஆழத்தில், அழுத்தமான கறுப்பு வளையம். வட்டம் கோணவில்லை. இன்னொன்றைப் பிளந்தார். அதே வளையம். ஏழெட்டுப் பிளந்தார். எல்லாவற்றிலும் அதே வளையம். அவர் வெகு நேரம் அந்தப் பாதி உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த முறை யாருக்கும் போன் போடவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

பிளக்காத உருண்டைகள் இருந்த சீசாவைக் கொண்டுபோய் நப்பின்னையின் மேசையில் வைத்தார். பார்வைக்கு அவை ஒன்றுமே போடாத வெறும் உருண்டைகள் போலத்தான் இருந்தன.

நப்பின்னை ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். திரும்பச் சீசாவில் போட்டார்.

"வெட்டிப் பாக்கலையா மேடம்?"

"நீங்க பார்த்தாச்சுல்ல?"

இன்னாசிமுத்து வெளியே வந்து வராந்தாவில் நின்றார். எதிரே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆலையில் பதவி உயர்வு வந்தபோதும், பொன்னாடை போர்த்தி அனுப்பி வைத்தபோதும் நிமிராத அளவுக்கு அன்றைக்கு அவர் முதுகு நிமிர்ந்திருந்தது.

அண்டி ஆபீஸில் தங்கநேசம் சீசாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன சாரே, வெள்ளையா இருக்கு? மருந்து போட மறந்துட்டீங்களா?"

"போட்டிருக்கு."

"போன தடவ நல்ல கறுப்பா, பளபளண்ணு இருந்துதே?"

"ஆமா. அது போன தடவ."

அடுப்பு மூட்டினார்கள். தட்டுகள் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற வேண்டியிருந்தது. புகை போகிற வழியாகத் தெரியவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கநேசம் முந்தானையால் வாயைப் பொத்தினார். இன்னாசிமுத்து நகராமல் நின்றார். மெல்ல, யாரோ வானத்தைத் துடைப்பது போல, புகை தேய்ந்து மறைந்தது.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் போன தடவை ஞாபகம் இருந்தது.

ஒரு மாதம் போனது. புகை வரவில்லை. மழைக்காலம் வந்தது, புகையைக் கூட்டும் ஈரக்கொட்டை வந்தது, போனது. புகை வரவில்லை. பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருந்தன. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் உடைப்புப் பலகை வரைக்கும் கேட்டது. அதிகாரிகள் கருவிகளோடு வந்து குழாய்மேல் ஏறினார்கள். கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று இரண்டாம் முறையும் அளந்தார்கள். ஆலையை மூடச் சொன்ன உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்குத்தான் பெண்கள் கைதட்டினார்கள். அதுவும் சாதாரணக் கைதட்டலா? கறுத்த விரல்கள் அத்தனையும் சேர்ந்து தட்டியதில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "வெளிநாட்டுக்காரனால முடியாதத நம்ம ஆரல்வாய்மொழியில உண்டாக்கியிருக்கு!" என்று தங்கநேசம் அதிகாரிகளிடம், தானே உண்டாக்கியதுபோல, நெஞ்சில் தட்டிச் சொன்னார். சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

பிறகு இன்னாசிமுத்துவிடம் வந்தார். "சாரே, பெயிண்டர வரச் சொல்லியிருக்கு. அந்தக் குழாய்மேல உங்க பேர எழுதப் போறோம். ரோட்டுல போறவன் எல்லாம் வாசிக்கணும்."

"ஐயோ, வேண்டாம்" என்றார் இன்னாசிமுத்து.

எவ்வளவு சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தன்னை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. படிக்கப் போகிறேன் என்பதையே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த மனிதன், தேடி வந்த பெயரை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டான். இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஒரு நல்ல வாக்கியத்தை வழியெல்லாம் செதுக்கிக்கொண்டே வந்தார்.

நப்பின்னை மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"மேடம், குழாய்மேல என் பேர எழுதுறேன்னாங்க. வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"பிளாட்டினமே வெள்ளத் தோலுக்குக் கீழ மறஞ்சுகிட்டு வேல செய்யுது. அதச் செஞ்சவன் மட்டும் வெளிய வந்து மினுக்கிட்டு நிக்கலாமா?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நப்பின்னை பேனாவை மூடி வைத்தார்.

"பிளாட்டினம் மறைஞ்சு நிக்கல சார். வேலை அங்க இருக்கு. அதனால அங்க நிக்குது."

இன்னாசிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நப்பின்னை தொடர்ந்தார்.

"இதுவும் ஒரு நாள் சாகும். சாகாத வினையூக்கி கிடையாது. அன்னைக்குப் புகை வரும். அந்தப் பொம்பளைங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு அண்ணாந்து பார்ப்பாங்க. அங்க யார் பேரு இருக்கணும்?"

இன்னாசிமுத்து தங்கநேசத்தைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

"எழுதச் சொல்லுங்க" என்றார் நப்பின்னை. "பெரிய எழுத்தா எழுதச் சொல்லுங்க. கீழ உங்க போன் நம்பரும் இருக்கட்டும்."